தாராளவாதம் உங்களை எங்கே தடுத்து நிறுத்தியது? அனுபவங்களைப் பகிருங்கள்

தொடக்கப் பதிவு

தனிமனித சுதந்திரத்தை மையத்தில் வைக்கும் அரசியல் தத்துவமான தாராளவாதத்தைப் பற்றிய நூல் விமர்சனங்களுக்குப் பஞ்சமில்லை. அதை நம்பி ஒரு முடிவெடுக்க வேண்டி வந்தபோது என்ன நேர்ந்தது என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. இங்கே அதை எழுதுவோம். நான் தொடங்கி வைக்கிறேன்.

நான் உறுப்பினராக இருந்த விவாத மன்றத்துக்கு ஒரு பேச்சாளரை அழைத்திருந்தார்கள். பெண்கள் உயர்கல்வி கற்பதால் குடும்பங்கள் சிதைகின்றன என்று ஊரெங்கும் பேசிவந்தவர். அழைப்பை ரத்து செய்ய வேண்டும் என்று பாதிப்பேர் கேட்டார்கள். அவருடைய கருத்து எனக்கு அருவருப்பானது. இருந்தும் ரத்து செய்யக் கூடாது என்று வாக்களித்தேன். ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் எழுதிய 'சுதந்திரம் குறித்து' நூலின் இரண்டாம் அத்தியாயம்தான் எனக்குப் பலம். அடக்கப்படும் கருத்து உண்மையாக இருக்கலாம். அதில் பாதி உண்மை இருக்கலாம். முழுப் பொய்யாகவே இருந்தாலும், அதோடு மோதிப் பழகாத உண்மை வெறும் மனப்பாடமாகச் செத்துப்போகும். இதை அப்படியே எடுத்துச் சொன்னேன். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1867-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்தவரும் இதே மில்தான் என்பதையும் சொன்னேன்.

மன்றத்தின் செயலாளராக இருந்த தோழி எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "அவர் வந்து பேசுவார். பதில் சொல்லும் வேலை யாருக்கு? எனக்குப் படிக்கத் தகுதி உண்டு என்று ஒவ்வொரு முறையும் நான்தான் நிரூபிக்க வேண்டும். நீங்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம்."

இன்றும் என் வாக்கு அதே பக்கம்தான் விழும். ஆனால் கருத்துச் சுதந்திரத்துக்கான விலையை எல்லோரும் சமமாகக் கொடுப்பதில்லை. கொடுக்காதவர்கள்தான் அதை அதிகம் புகழ்கிறோம். அந்தக் கூட்டத்துக்குத் தோழியே தலைமை தாங்கினார். பாதி நேரம் கேள்விகளுக்கு என்று நிபந்தனை வைத்தோம். பதில் சொல்லும் பொறுப்பை ஆண்களும் ஏற்றோம்.

இன்னொன்று. மில் எல்லையே வகுக்கவில்லை என்று நினைப்பவர்கள் அவருடைய தானிய வியாபாரி உதாரணத்தைப் படிக்க வேண்டும். தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதினால் தடுக்கக் கூடாது. அதையே அந்த வியாபாரியின் வீட்டு முன்னால் கொதித்து நிற்கும் கும்பலிடம் முழங்கினால் தண்டிக்கலாம் என்கிறார். சொல் ஒன்றுதான், சூழல் வேறு. இணையத்தில் ஒருவரை நோக்கி ஆயிரம் பேரை ஏவிவிடும் பதிவு இதில் எந்தப் பக்கம் சேரும் என்பதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மறுமொழி: சட்டம் படித்தவர்

எங்கள் வகுப்பை இரண்டாகப் பிளந்தது ஸ்கோக்கி வழக்கு. 1977-இல் சிகாகோவுக்கு அருகிலுள்ள அந்தச் சிற்றூரில் ஊர்வலம் போக ஒரு சிறிய நாஜிக் குழு அனுமதி கேட்டது. ஹிட்லரின் வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்கள் பலர் வாழ்ந்த ஊர் அது. குழுவின் உரிமைக்காக வாதாடியது பேச்சுரிமை போன்ற உரிமைகளுக்காகப் போராடும் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியம் (ACLU). உறுப்பினர்கள் பெருமளவில் விலகினார்கள், அமைப்பு அசையவில்லை. நீதிமன்றங்களில் குழு வென்றது. கடைசியில் ஸ்கோக்கியில் ஊர்வலம் நடக்கவே இல்லை.

விவாதத்தின்போது ஒரு மாணவர் தத்துவவாதி கார்ல் பாப்பரின் சகிப்புத்தன்மை முரணை எடுத்து வைத்தார்: சகிப்பற்றவர்களைச் சகித்தால் சகிப்பே அழியும். எங்கள் ஆசிரியர் மேற்கொண்டு படிக்கச் சொன்னார். 1945-இல் வெளிவந்த பாப்பரின் 'திறந்த சமூகமும் அதன் எதிரிகளும்' நூலில் ஒரு குறிப்பாக மட்டுமே வரும் பத்தி அது. வாதத்தால் எதிர்கொள்ள முடிகிறவரை அடக்குவது அறிவீனம் என்று அதே பத்தியில் பாப்பர் சொல்கிறார். வாதத்துக்கே வர மறுத்து, முஷ்டியாலும் துப்பாக்கியாலும் பதில் சொல்லத் தங்கள் ஆட்களைப் பழக்குகிறவர்களை அடக்கும் உரிமையைத்தான் அவர் விட்டுக்கொடுக்க மறுக்கிறார். தனக்குப் பிடிக்காதவர்களின் வாயை அடைக்க அந்தப் பத்தியின் பாதியை மட்டும் காட்டுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

மறுமொழி: வாசகர் வட்டத்திலிருந்து

தொடக்கப் பதிவில் மில்லின் இரண்டாம் அத்தியாயம் பேசப்பட்டது. எங்கள் வட்டம் முதல் அத்தியாயத்திலேயே நின்றுவிட்டது.

பிறருக்குத் தீங்கு நேராதவரை ஒருவருடைய சுதந்திரத்தில் தலையிடக் கூடாது என்ற தீங்குக் கோட்பாட்டை அறிவித்த கையோடு மில் சில விலக்குகளைச் சொல்கிறார். குழந்தைகளுக்கு இது பொருந்தாது; சரி. அடுத்து, 'பின்தங்கிய' சமூகங்களுக்கும் பொருந்தாது. அவர்களை முன்னேற்றுவதே நோக்கமானால் சர்வாதிகாரமும் முறையான ஆட்சிதான் என்கிறார். 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் பணியாற்றியவர் எழுதியது இது. வட்டத்தின் மூத்தவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "இது நமக்காக எழுதப்பட்டதில்லை, தம்பி" என்றார். அவரை மறுக்க எங்களிடம் எதுவும் இல்லை. தாராளவாதத்தின் முன்னோடியாகக் கருதப்படும் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கைத் தேடிப் போனால் அங்கும் இதே கதை. மனிதர்கள் இயல்பிலேயே சுதந்திரமானவர்கள் என்று எழுதியவர், 1669-இல் கரோலினா குடியேற்றத்துக்கான அரசியல் சாசன வரைவில் பங்கெடுத்தவர்; கறுப்பின அடிமைகள்மீது எஜமானர்களுக்கு முழு அதிகாரம் தந்த ஆவணம் அது. சகிப்புத்தன்மை குறித்து 1689-இல் அவர் வெளியிட்ட கடிதம் நாத்திகர்களுக்கு இடம் தரவில்லை.

அக்காலத்து மனிதர்கள் அப்படித்தான் என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அதே காலங்களில் வேறு மாதிரிச் சிந்தித்தவர்களும் இருந்தார்களே! வெளியே நிறுத்தப்பட்டவர்களே அதே சொற்களைக் கையில் எடுத்தார்கள். 1789-இன் பிரெஞ்சு உரிமைப் பிரகடனத்தில் பெண்கள் இல்லை என்று கண்ட ஒலிம்ப் தெ கூழ், 1791-இல் பெண்ணின் உரிமைப் பிரகடனத்தை எழுதினார். 1793-இல் கில்லட்டினுக்கு இரையானார். அதே 1791-இல் ஹெய்ட்டியில் அடிமைகள் கிளர்ந்தார்கள். 1804-இல் விடுதலை பெற்றார்கள். தாராளவாதத்தின் அடியில் ஓர் இன ஒப்பந்தம் இருக்கிறது என்று 1997-இல் கடுமையாக எழுதிய தத்துவவாதி சார்ல்ஸ் மில்ஸ்கூடப் பிற்காலத்தில் தாராளவாதத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கறுப்பினத்தவரின் நோக்கிலிருந்து மீட்டெடுக்க வேண்டும் என்றே வாதாடினார்.

இதையெல்லாம் அடுத்த கூட்டத்தில் மூத்தவரிடம் சொன்னேன். "அப்படியானால் இதை எழுதியவர்கள் லாக்கும் மில்லும் மட்டும் இல்லை என்று சொல்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வாசிப்புப் பட்டியலே மாறியது.

மறுமொழி: அலுவலகப் பணியாளர்

நீங்கள் அனைவரும் அரசையும் கூட்டத்தையும் பற்றிப் பேசுகிறீர்கள். நான் என் முதலாளியைப் பற்றிப் பேச வேண்டும்.

நான் வேலை பார்த்த நிறுவனம், பணியாளர்கள் தங்கள் சொந்தக் கணக்குகளில்கூட அரசியல் கருத்து எழுதக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு விதியைச் சேர்த்தது. கையெழுத்திடாதவர்களுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. தடையற்ற சந்தையை ஆதரித்த பொருளியலாளர் ஹயெக்கை ஆழ்ந்து படித்த சக பணியாளர் ஒருவரோடு இதைப் பற்றி நீண்ட நாட்கள் வாதாடினேன். யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை, பிடிக்காவிட்டால் விலகலாம், அரசிடமிருந்து விலக முடியாது என்பது அவர் வாதம். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிறையில் அடைக்கும் அதிகாரமும் சம்பளத்தை நிறுத்தும் அதிகாரமும் ஒன்றாகிவிடாது.

ஆனால் மாதக் கடைசியில் வாடகை கட்ட வேண்டிய ஒருவருக்கு 'விலகலாம்' என்பது என்ன சுதந்திரம்? இதைக் கேட்க சோசலிஸ்டாக இருக்க வேண்டியதில்லை. ஆங்கிலேயத் தத்துவவாதி டி. எச். கிரீன் 1881-ஆம் ஆண்டு உரையில், தாராளவாதிகளுக்குள் நின்றுகொண்டே இதைக் கேட்டார்: ஒப்பந்தச் சுதந்திரம் ஒரு வழி மட்டுமே, மனிதர்கள் தம் ஆற்றல்களை வளர்த்துக்கொள்வதே இலக்கு. பின்னாளில் தத்துவவாதி ஃபிலிப் பெட்டிட் இதை இன்னும் கூர்மையாக்கினார். கருணையுள்ள எஜமானனிடம் இருக்கும் அடிமையை எண்ணிப் பாருங்கள்: அவனை யாரும் அடிப்பதில்லை, தடுப்பதில்லை. ஆனாலும் அவன் அடிமைதான், ஏனென்றால் அந்தக் கருணை எந்த நிமிடமும் திரும்பப் பெறப்படலாம். 1958-இல் தத்துவவாதி ஐசையா பெர்லின் முன்வைத்த 'தலையீடு இன்மை' என்ற எதிர்மறைச் சுதந்திரம் இவனுடைய நிலையைச் சொல்லப் போதவில்லை. எங்கள் அலுவலகத்திலும் அந்த விதியை யார்மீதும் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தத் தேவையே வரவில்லை. எல்லோரும் எழுதுவதை நிறுத்திவிட்டோம்.

ஹயெக்கே 1944-இல், செல்வம் பெருகிய சமூகத்தில் எல்லோருக்கும் உணவு, உறைவிடம், உடை என்ற அடிப்படை உத்தரவாதத்தை ஏற்றிருக்கிறார். அதை நண்பருக்குக் காட்டினேன். அந்த அடிப்படை இருந்தால்தான் 'விலகலாம்' என்ற சொல்லுக்குப் பொருள் வரும் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். விதி விஷயத்தில் மட்டும் கடைசிவரை உடன்படவில்லை.

மறுமொழி: கல்லூரி ஆசிரியை

அலுவலகப் பணியாளர் எழுதியது என் வகுப்பில் நடந்ததை நினைவூட்டுகிறது. ஆண்டுதோறும் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸின் அறியாமைத் திரையை ஒரு பயிற்சியாகச் செய்வோம். நீங்கள் பணக்காரரா ஏழையா, ஆணா பெண்ணா, எந்த மதம் என்பது தெரியாத நிலையில் சமூகத்தின் விதிகளை வகுத்துக்கொள்ளுங்கள் என்பேன். வழக்கமாக விவாதம் ரால்ஸுக்குத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் சொன்ன மறுப்புக்குப் போகும்: ரசிகர்கள் விரும்பித் தரும் பணத்தால் ஒரு விளையாட்டு வீரர் செல்வந்தரானால், அதைப் பறிக்க உங்களுக்கு என்ன உரிமை? மாணவர்கள் அதில் சூடாவார்கள். மணி அடிக்கும்.

ஒருமுறை, அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள தம்பியைக் கவனித்துக்கொள்ளும் மாணவி கேட்டார்: "மேடம், திரைக்குப் பின்னால் உட்கார்ந்து விதி வகுப்பவர்களில் என் தம்பி இருக்கிறானா? அவனைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்களா, அவனும் பேசுவானா?"

ரால்ஸ் 1971-இல் இந்தக் கேள்வியை அறிந்தே ஒதுக்கி வைத்தார்; வாழ்நாள் முழுவதும் சமூக ஒத்துழைப்பில் பங்குபெறக்கூடிய குடிமக்களை எடுத்துக்கொண்டு தொடங்கினார். 2006-இல் தத்துவவாதி மார்த்தா நுஸ்பாம் இந்த இடத்தில்தான் பிடித்தார்: ஒப்பந்தம் செய்ய இயலாதவரை நீதியின் வாசலில் காத்திருக்க வைக்க முடியாது, ஒவ்வொருவரும் கண்ணியமாக வாழத் தேவையான திறன்களிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். பெண்ணிய அரசியல் தத்துவவாதி சூசன் ஓகின் அதற்கு முன்பே, 1989-இல், குடும்பத்துக்குள் யார் யாரைப் பராமரிக்கிறார்கள் என்பதும் நீதிப் பிரச்சினைதான் என்று எழுதியிருந்தார். அவற்றை அந்த மாணவிக்குப் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு வந்து, திறன்களின் பட்டியல் நன்றாக இருக்கிறது, ஆனால் பட்டியல் போடுவதும் அவனைக் கேட்காமல்தானே என்றார்.

தனிமனிதரின் தேர்வை மையத்தில் வைக்கும் ஒரு தத்துவம், தன் தேர்வைச் சொல்ல முடியாத மனிதரை எப்படிச் சேர்த்துக்கொள்ளும்? அவர் சார்பில் பேசுபவரின் குரலை எந்த அளவுக்கு அவருடைய குரலாக எடுத்துக்கொள்ளலாம்? உங்களில் யாரேனும் இப்படிப்பட்ட ஒருவருடன் வாழ்கிறீர்கள் என்றால், அவருக்காக முடிவெடுக்கும்போது என்ன செய்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். என் மாணவிக்கும் அனுப்பி வைக்கிறேன்.