விண்பறப்பில் உடலசைவு அளவீடு: ‘நம்பகத்தன்மை’ என்ற சொல் போதுமா?

அன்புடையீர், வணக்கம்.

விண்பறப்பின்போது உடலசைவை அளப்பது பற்றிய நம் கலைச்சொல் உரையாடல் இழையில் ‘ரிலயபிலிட்டி’ (reliability) என்பதற்கு ‘நம்பகத்தன்மை’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. பொதுவழக்குக்கு அது பொருத்தமே. அளவியலுக்குப் போதாது என்பது என் கருத்து. ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப அளந்தால் ஒத்த அளவு கிடைக்கிறதா என்பது ஒரு கேள்வி. கிடைத்த அளவு உண்மையான அசைவோடு பொருந்துகிறதா என்பது வேறொரு கேள்வி. ‘நம்பகத்தன்மை’ இரண்டையும் கலந்துவிடுகிறது.

விண்வெளியில் இக்கலப்பு பெருந்தவறுக்கு இடந்தரும். உடலில் கட்டும் கருவிகளுள் ஒன்று முடுக்கமானி (வேகமாற்றத்தை அளப்பது). தரையில் அசையாமல் வைத்தால் அது 1 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவைக் காட்டும். அந்த ஈர்ப்பின் திசையைக் கொண்டே தொடையும் கணுக்காலும் எவ்வளவு சாய்ந்துள்ளன என்று கணிக்கிறோம். நேரம் செல்லச் செல்லச் சுழல்மானியின் (சுழற்சி வேகத்தை அளக்கும் கருவியின்) கணிப்பில் சேரும் சாய்வுப் பிழையைத் திருத்துவதும் அத்திசைதான். ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் தரையிலுள்ள ஈர்ப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இருக்கவே செய்கிறது (‘ஈர்ப்பின்மை’ என்று எழுதுவதை நாம் விட்டொழிக்க வேண்டும்). ஆனால் நிலையமும் வீரரும் கருவியும் ஒருசேரத் தடையின்றி வீழ்ந்துகொண்டிருப்பதால், அசையாதிருக்கும் முடுக்கமானி சுழியத்தை ஒட்டிய அளவையே காட்டும். கீழ்த்திசை எதுவென்று அதற்குத் தெரியாது. காந்தப்புலத்தின் திசையை அளக்கும் காந்தமானியும் பெரிதாக உதவாது: சுற்றிலும் உலோகமும் மின்கருவிகளும் இருக்க, சுமார் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை நிலையம் புவியைச் சுற்றிவருவதால் புலத்தின் திசையும் மாறிக்கொண்டே இருக்கும்.

போதாக்குறைக்கு உடலும் மாறுகிறது. முதுகெலும்பு நீள்கிறது, தளர்ந்த நிலையில் கைகள் முன்னே மிதக்கின்றன, ஓடுபொறியில் (டிரெட்மில்) ஓடுபவரை வார்ப்பட்டைகள் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கின்றன. ஆகவே புறப்படுமுன் எடுத்த முழங்கால் கோணமும் பறப்பில் எடுத்த கோணமும் வேறுபட்டால், மாறியது ஆளா, கருவியா என்று பிரித்தறிய வேண்டும். தரையிலேயே பலமுறை அளந்து, இயல்பான ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று முன்பே அறிந்திருந்தால்தான் அது இயலும்.

எனவே முதற்கேள்விக்கு ‘மீளளவு ஒப்புமை’ என்றும், இரண்டாவதற்கு ‘அளவீட்டு மெய்ம்மை’ என்றும் முன்மொழிகிறேன். ‘மீள்தன்மை’ சுருக்கமானதுதான், ஆனால் இழுத்துவிட்டால் பழைய வடிவுக்குத் திரும்பும் மீட்சிப் பண்போடு குழம்பும். ‘உடலியக்கம்’ என்பதும் வேண்டாம். அது உடலின் உட்செயல்களைக் குறிக்க நிலைபெற்றுவிட்டது. ‘உடலசைவு’ தெளிவானது.

“முழங்கால் கோணத்தின் மீளளவு ஒப்புமை தரையில் உயர்ந்திருந்தாலும், பறப்பில் அதன் அளவீட்டு மெய்ம்மையைத் தனியே சோதிக்க வேண்டும்” என்ற தொடரில் இச்சொற்களை இட்டுப் பார்த்து, இடறும் இடத்தைச் சுட்டிக்காட்ட வேண்டுகிறேன்.