புதுப்பிப்பு: அடையாள அட்டை இலக்கத்தை வைத்து என்ன செய்ய முடியும்?

இலங்கைத் தேசிய அடையாள அட்டைப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள் என்று போன பதிவில் எழுதியிருந்தேன். "வெறும் இலக்கத்தை வைத்து என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தீர்கள்.

புதிய 12 இலக்க எண் 1992532 என்று தொடங்கினால், பிறந்த ஆண்டு 1992. அடுத்த மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். 500 போனால் 32, அதாவது பெப்ரவரி 1. எண்ணைக் கொடுத்தாலே பிறந்த திகதியையும் கொடுத்த மாதிரித்தான். பிறந்த திகதியை வங்கி அட்டையின் பின் நம்பராக வைத்திருப்பவர்கள் இன்றே மாற்றுங்கள்.

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்கினால், கொமினிகேஷன் கடைக்காரரின் நம்பருக்குப் படத்தை அனுப்பித்தான் பிரிண்ட் எடுக்கிறார்கள். படம் அந்தப் போனிலேயே கிடக்கும். அட்டையையே கொண்டுபோய் போட்டோ கொப்பி எடுங்கள். எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதை, உதாரணமாக "சிம் பதிவுக்கு மட்டும்" என்று, பிரதியின் நடுவே குறுக்காகத் திகதியோடு பேனாவால் எழுதுங்கள். எழுத்து எண்ணைத் தொட்டுப் போகட்டும், மறைக்கக்கூடாது. ஓரத்தில் எழுதினால் அதை மறைத்து மறுபடி கொப்பி எடுத்துவிடுவார்கள். கடைக் கணினியில் உங்கள் வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், உங்கள் போன் வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' போய் வெளியேறுங்கள்.

வாட்ஸ்அப் பறிபோனால், உங்கள் நம்பரை மறுபடி பதிவு செய்யுங்கள், திருடியவர் வெளியேற்றப்படுவார். ஆனால் அவர் ஆறு இலக்கப் பின் நம்பர் போட்டிருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டும். அதனால்தான் இரண்டு படி சரிபார்ப்பை (இந்தப் பின் நம்பரைத்தான்) நீங்கள் முந்திப் போட்டுவிடச் சொல்கிறேன்.

உங்கள் பெயரில் யாராவது கடன் எடுத்த சந்தேகம் இருந்தால் கிரிப் (இலங்கை கொடுகடன் தகவல் பணியகம்) அறிக்கை எடுத்துப் பாருங்கள். இணைய முறைப்பாட்டுக்கு, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101 என்ற நம்பரில் அழையுங்கள்.