சிசேரியன் ஆனால் குழந்தையை முதல் ராத்திரி நர்சரியில் வைப்பார்களாம், வேண்டாம் என்று சொல்லலாமா?

தேன்மொழி:
எனக்கு எட்டாவது மாதம், தலைப்பிரசவம். நாங்கள் பார்க்கிற தனியார் மருத்துவமனையில் சிசேரியன் என்றால் குழந்தையை நர்சரியில் வைத்துக்கொண்டு மறுநாள் காலையில்தான் தாயிடம் கொடுப்பார்களாம். தையல் போட்ட உடம்பு, ஒரு ராத்திரிதானே, விடு என்கிறார் மாமியார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கேட்டால் அதிகப்பிரசங்கித்தனமாக நினைப்பார்களோ? குழந்தை எடை குறைவாகப் பிறந்தால் என்ன செய்வார்கள்?

வார்டு செவிலி:
தாராளமாகக் கேளுங்கம்மா. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1991-ல் தொடங்கிய 'குழந்தை நேய மருத்துவமனை' திட்டத்திலேயே, தாயும் சேயும் 24 மணி நேரமும் ஒரே அறையில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. சிசேரியன் இப்போது பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டுத்தான் செய்கிறார்கள், தாய் விழித்துத்தான் இருப்பார். நன்றாக அழுது, மூச்சு சீராக இருக்கிற குழந்தையைத் துடைத்து தியேட்டரிலேயே நெஞ்சில் போடலாம், அந்தச் சூட்டில் உடம்பு குளிர்ந்துபோகாது, சர்க்கரை அளவும் சட்டென்று இறங்காது.

பக்கத்தில் இருந்தால்தான் குழந்தை நாக்கை நீட்டுவதும் கையை வாய்க்குக் கொண்டுபோவதும் உங்கள் கண்ணில் படும். பசிக்கு அதுதான் முதல் அடையாளம், அழுகை கடைசியில்தான் வரும். நர்சரியில் அழுத பிறகு கவனித்து, பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்துவிடுவார்கள். சீம்பால் கொஞ்சம்தான் வரும், முதல் நாள் வயிற்றுக்கு அதுவே போதும், குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும்.

ஒன்று மட்டும் கவனம். நெஞ்சில் போட்டிருக்கும்போது மூக்கும் வாயும் மூடாமல் இருக்கிறதா என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், நீங்கள் கண் அசந்தால் தொட்டிலுக்கு மாற்றிவிட வேண்டும்.

மதுரைக்காரி:
எடை குறைவு பற்றிக் கேட்டீர்களே, என் மகன் 1.6 கிலோதான். பிறந்த உடனே என்ஐசியு என்கிற பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சை அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள், எனக்குக் கண்ணாடி வழியாகத்தான் காட்டினார்கள், நான் பீய்ச்சிக் கொடுத்த பாலைப் பாலாடையில் சிஸ்டர்தான் ஊற்றினார். அப்புறம் ஒரு டாக்டர் வந்து கங்காரு முறை சொல்லிக்கொடுத்தார். டயப்பரும் குல்லாவும் மட்டும் போட்டு, என் மார்புக்கு நடுவே நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டினார்கள். நான் சாப்பிடப் போனால் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொள்வார்.

இன்குபேட்டர் பற்றாக்குறையால் 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய முறை இது. முதலில் குழந்தை தேறட்டும், பிறகு தாயிடம் கொடுக்கலாம் என்றுதான் ரொம்ப நாள் வைத்திருந்தார்கள். டெல்லி சஃப்தர்ஜங் உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், 1 முதல் 1.8 கிலோ வரையிலான குழந்தைகளுக்குப் பிறந்ததுமே கங்காரு பராமரிப்பைத் தொடங்கிப் பார்த்த ஆய்வு 2021-ல் வந்தது. தாய்க்கும் அதே தீவிர சிகிச்சை அறையில் கட்டில் போட்டிருக்கிறார்கள். முதல் 28 நாளில் இறந்த குழந்தைகள் 12 சதவீதம், வழக்கமான முறையில் 15.7. இதைப் படித்த பிறகு எனக்கு ஆற்றாமையாக இருந்தது, எனக்கும் அங்கே ஒரு கட்டில் போட்டிருக்கலாமே!

புது அப்பா:
வலி எடுத்த பிறகு இதைப் பேச முடியாது, இப்போதே டாக்டரிடம் சொல்லி ஃபைலில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். மூச்சுத் திணறல் மாதிரி ஏதாவது இருந்தால் பிரிக்கத்தான் வேண்டும், அதில் பிடிவாதம் வேண்டாம். ஆனால் "இங்கே வழக்கம் இதுதான்" என்பது காரணமே இல்லை.

தேன்மொழி:
எல்லோருக்கும் நன்றி. அடுத்த செக்கப்பில் கேட்டுவிடுகிறேன். ராத்திரி ஒரு ஆளைத்தான் உடன் இருக்க விடுவார்களாம், அம்மாவா அவரா?

வார்டு செவிலி:
பெண்கள் வார்டு என்றால் அம்மாதான். தனி அறை என்றால் யார் தூங்காமல் இருப்பாரோ அவர். தையல் வலியோடு உங்களால் எழுந்து குழந்தையைத் தூக்க முடியாது, எடுத்துக் கையில் கொடுக்க ஆள் வேண்டும்.