மினி டிராக்டரைக் கொண்டு சீமைக்கருவேலத் தூர் எடுத்த அனுபவம்

நாங்குநேரிப் பக்கத்தில் மானாவாரி நிலம் வைத்திருப்பவர்களுக்குச் சீமைக்கருவேலத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் செவ்வல் தரிசில் அது ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. ஜேசிபியை இறக்கினால் மேல்மண் கீழ்மண்ணோடு புரண்டுவிடும் என்பதால், மணிக்கட்டுப் பருமனிலிருந்து தொடைப் பருமன் வரையிலான தூர்களை 27 குதிரைத்திறன் கொண்ட, நான்கு சக்கரமும் இழுக்கும் மினி டிராக்டரைக் கொண்டே எடுத்தோம்.

இந்த மரத்தை மண்மட்டத்தில் வெட்டுவது பயனற்ற வேலை. தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குள் மறைந்திருக்கும் மொட்டுகள் அடுத்த மழைக்கே பல கிளைகளாகத் தழைத்துவிடும். ஏறத்தாழ ஓர் அடி ஆழம் வரை அந்தப் பகுதி முழுவதும் வெளியே வந்தால்தான் மரம் போனதாகக் கொள்ளலாம். ஆகவே கிளைகளை மட்டும் கழித்துவிட்டு, சங்கிலி சுற்றுவதற்குத் தோதாக இடுப்பளவுத் தண்டை விட்டுவைத்தோம். ஐப்பசி மழையில் மண் இளகியதும், கடப்பாரையால் சுற்றிலும் தோண்டி, பக்கவேர்களைக் கோடாரியால் அறுத்த பிறகே வண்டியைப் பூட்டினோம்.

சங்கிலியை மாட்டும் இடத்தில்தான் உயிரே இருக்கிறது. பின்னச்சுக்குக் கீழே உள்ள இழுவைக் கொக்கியைத் தவிர வேறெங்கும், குறிப்பாக டாப் லிங்க் (கலப்பையின் மேல்பகுதியை வண்டியோடு இணைக்கும் தண்டு) பூட்டும் இடத்தில், மாட்டவே கூடாது. அப்படி மாட்டி இழுக்கும்போது தூர் அசையாவிட்டால், முன்சக்கரங்கள் எழும்பி, கிளட்சை மிதிப்பதற்குள் வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். முதல் கியரில், சங்கிலி தொய்வின்றி விறைத்த பிறகு சீராக இழுக்க வேண்டும். வெட்டி வெட்டி இழுத்தால் சங்கிலி அறுந்து ஆள்மேல் பாயும். ஒரு பெரிய தூரை இழுக்கும்போது டயர் சுழலத் தொடங்கியது. தூரம் தள்ளி நின்று வேரைக் கவனித்துக்கொண்டிருந்த பெரியவர், “அண்ணாச்சி, ஆணிவேரு இன்னும் அறுபடல, நிறுத்துங்க!” என்று குரல் கொடுத்தார். குழியை இன்னும் ஒரு முழம் தோண்டி, உள்ளே மஞ்சளாகத் தெரிந்த ஆணிவேரை வெட்டியதும் அதே தூர் முனகிக்கொண்டு சாய்ந்தது. வண்டியின் பலத்தைவிடக் கோடாரிக்காரரின் கையே இந்த வேலையில் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

முள் டயரைத் துளைக்கும் என்பதால், வெட்டிய கிளைகளை வண்டி போகும் தடத்திலிருந்து முதலிலேயே அகற்றிவிட வேண்டும். ரேடியேட்டர் வலையில் சருகு அடைத்துச் சூடேறுவதையும் அடிக்கடி பார்க்க வேண்டும். முள்ளுக்கு இடையே நின்ற பனை வடலிகளை, அதாவது இளம்பனைகளை, ஒன்றுகூட விடாமல் சுண்ணாம்பு பூசி அடையாளமிட்டுக் காப்பாற்றினோம்; பனை நம் சீமையின் சொத்து, அதை முள்ளோடு சேர்த்துச் சாய்ப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டாவேட்டரை, தூர் எடுத்த கையோடு இறக்க வேண்டாம். மண்ணுக்குள் மிஞ்சிய வேர்க்கட்டைகளில் அதன் கத்திகள் உடையும். முதலில் ஐந்து கொத்துக் கலப்பையால் குறுக்கும் நெடுக்கும் உழுது, கொத்தில் சிக்கும் வேர்களைப் பொறுக்கிவிடுங்கள். நெற்றுகளைத் தின்ற ஆடுகளின் புழுக்கை வழியாக விழுந்த விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆதலால் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் முளைக்கும் கன்றுகளை, வேர் ஆழம் போவதற்குள் கையாலேயே பிடுங்கிவருகிறோம்.