'ஹெட்ஜ்': தயக்கச்சொல்லும் வேண்டாம், வேலிச்சொல்லும் வேண்டாம்

வணக்கம்.

உங்கள் மொழியியல் கலைச்சொல் பட்டியல் பற்றிய விவாதத்தில், ஆங்கில 'ஹெட்ஜ்' (hedge; நேர்ப்பொருள் வேலி) என்பதற்கு ஓர் ஐயா 'தயக்கச்சொல்' என்கிறார், ஓர் அம்மா 'வேலிச்சொல்' என்கிறார். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை.

'கொஞ்சம்', 'போல', 'ஒருவேளை' என, நாம் சொல்லும் விஷயத்தின் உறுதியைக் கூட்டிக் குறைக்கும் சொற்கள் இவை. 1972-இல் மொழியியலாளர் ஜார்ஜ் லேக்காஃப் இதற்குப் பெயர் வைத்தபோது ஆண், பெண் என்ற பேச்சே எழவில்லை. அடுத்த ஆண்டு இன்னொரு மொழியியலாளர் ராபின் லேக்காஃப்தான் பெண்களின் பேச்சோடு சேர்த்தார். தன்னம்பிக்கைக் குறைவு என்ற வாசிப்பு அப்புறம் பரவியது. 1984-இல் மொழியியலாளர் ஜேனட் ஹோம்ஸ் நியூசிலாந்தில், பேச்சின் முடிவில் ஒட்டும் 'இல்லையா?' வகை ஒட்டு வினாக்களைப் (tag question) பிரித்துப் பார்த்தார். சந்தேகத்துக்காக அவற்றை அதிகம் போட்டவர்கள் ஆண்கள். பெண்கள் போட்டது பெரும்பாலும் எதிரே இருப்பவரைப் பேசவைக்க. பெயரிலேயே தயக்கம் என்று தீர்ப்பு எழுதிவிட்டால் ஆய்வு எதற்கு?

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் தரகர், "ரெண்டு பல்லுதானாட்ட இருக்குதுங்" என்பார் (மாட்டின் வயதைப் பல்லை வைத்துச் சொல்வது; 'ஆட்ட' என்றால் எங்கள் பக்கம் 'போல'). அவருக்கா தயக்கம்? நாளைக்கு வம்பு வந்தால் நழுவ வழி வைக்கிறார். எங்கள் வீட்டில் என் அம்மா அப்பாவிடம், "உப்பு கொஞ்சம் கம்மியாட்ட இருக்குதுங்களா?" என்று கேட்பதும் உப்புப் பதம் தெரியாமல் அல்ல.

வேலி இன்னும் சிக்கல். காங்கேயம் பக்கம் வேலி என்றால் கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் நிலத்தை, சுற்றி நிற்கும் கிளுவை முள்வேலி; மாடு தாண்டாது. இந்தச் சொற்களோ தாண்டிப் போக இடம் விடுபவை. தவிர, பெண்ணையும் வேலியையும் சேர்த்துப் பேசியது நம் ஊரில் ஏற்கெனவே போதும்.

என் பரிந்துரை: நெகிழ்சொல். (பிளாஸ்டிக் சொல்லா என்று கேலி வரும், வரட்டும்.) சந்தேகத்துக்கு வருவது ஐய நெகிழ்சொல், உறவுக்கு வருவது இணக்க நெகிழ்சொல் என்று வகை பிரிக்கவும் வசதி.

ஒரு திருத்தம். பட்டியலில் நம் 'ங்க'வையும் இதில் சேர்த்திருக்கிறீர்கள். அது மரியாதை ஒட்டு. "கண்டிப்பா வரமாட்டனுங்க" என்பதில் உறுதி இம்மியும் குறையவில்லை. மனைவி கணவனுக்கு 'ங்க' போடுவதும் அவர் திருப்பிப் போடாததும் ஆராய வேண்டியதுதான், ஆனால் வேறு தலைப்பில். இங்கே சேர்த்து எண்ணினால் கோயமுத்தூரில் எல்லோருமே தயங்குகிறவர்கள் ஆகிவிடுவோம்.

பட்டியலில் உள்ள 'ஒட்டு வினா'வுக்கு என் ஒப்புதல் உண்டுங்க.

அன்புடன்,
காங்கேயத்திலிருந்து