சைடிங்குக்கு என்ன சொல்? வெள்ளிக்கிழமை அச்சு

ராணிப்பேட்டை:
ரசாயன ஆலைக்குள் போகும் ரயில் தடத்தில் டேங்க் வேகன் இறக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அந்தத் தடத்தைக் குறிக்கும் 'சைடிங்' என்பதற்குத் தமிழ்ச் சொல் வேண்டும். 'கிளைப்பாதை' சரிவராது, அரக்கோணத்தில் செங்கல்பட்டுக்குப் பிரிவதும் கிளைப்பாதைதான்.

காட்பாடி:
லூப் என்ற பக்கத்தடத்தின் இரு முனையும் மெயின் லைனில் சேரும். இந்த மாதிரித் தடம் ஒரு முனையில் மட்டும் சேரும், மறுமுனையில் பஃபர் என்ற தடுப்பு. எஞ்சின் முன்னால் இழுத்துக்கொண்டு போனால் பஃபருக்கும் வேகனுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். அதனால் பின்னாலிருந்து தள்ளித்தான் உள்ளே விடுவார்கள். இல்லையென்றால் எஞ்சின் சுற்றி வர உள்ளே ஒரு லூப் வேண்டும். மறுமுனை அடைப்பு என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். முட்டுச்சந்து என்கிறோமே, அதுபோல 'முட்டுத்தடம்'.

குடியாத்தம்:
தெற்கே 'முட்டுவீடு' என்றால் தீட்டு வீடு, ஐயா. நம் ஏரிப்பாசனத்திலேயே சொல் கிடக்கிறது: வரத்துக்கால், போக்குக்கால். அந்த வழியில் 'பிரிகால்' எனலாம். ஊறுகாய் போல வினைத்தொகை, வல்லினம் மிகாது. காற்றும் கால், வாய்க்காலும் கால், நடப்பதும் கால், ஓடுவதெல்லாம் கால். டேங்கையும் 'தாங்கி' என்று மாற்றுங்கள், ஈழத்தில் அப்படித்தான்.

ஆற்காடு:
காலே அரைக்காலே வாய்பாட்டை விட்டுவிட்டீர்கள்! வாய்க்காலில் தண்ணீர் தானாக ஓடினால் நல்லது. இங்கே வேகன் தானாக ஓடினால் மெயின் லைனில் போய் நிற்கும். அதற்குத்தான் ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு இரு பக்கமும் ஆப்பு, வாயிலில் பூட்டிய டீரெயில் சுவிட்ச். உருண்டு வரும் வேகனை அது தடம் புரட்டியாவது நிறுத்தும். 'தாங்கி'யும் வேண்டாம். கலைச்சொல் பட்டியலில் அது சக்கர அச்சைத் தாங்கும் பேரிங். 'தாங்கி சூடாகிவிட்டது' என்று கத்தினால் எதைப் பார்ப்பது? 1856-இல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் வந்து நின்றதே வாலாஜா ரோட்டில். சைடிங், வேகன், ரேக் எல்லாம் நம் ஊர்ச் சொல்லாகி எத்தனை தலைமுறை!

காட்பாடி:
இவற்றைவிட எனக்கு உறுத்துவது 'காலி வேகன்'. இந்த வேகன்களில் வரும் அடர் கந்தக அமிலம் 98 விழுக்காட்டில் இரும்பை அதிகம் அரிக்காது. இறக்கியபின் அடியில் தங்கியதில் மழைநீரோ ஈரமோ சேர்ந்து நீர்த்தால் அரிக்கும், ஹைட்ரஜன் வரும். மேல்மூடி அருகே பீடி பற்றவைத்தால் போதும். 'காலி' என்று படித்தவருக்கு உள்ளே ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும்.

குடியாத்தம்:
காலி உருதுவழி வந்தது. 'வெறும் வேகன்' என்று போடுங்கள்.

காட்பாடி:
அதுவும் அதே பொய்தானே. 'இறக்கிய வேகன்' என்று போட்டால் நடந்ததைச் சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்று சாதிக்காது. கழுவிச் சோதித்த பிறகு மட்டும் 'கழுவிய வேகன்'.

ஆற்காடு:
இதை ஏற்கிறேன். அப்படியே, மேலே காற்று வழியைத் திறக்காமல் அடிவால்வைத் திறந்தால் உள்ளே வெற்றிடமாகித் தொட்டி நசுங்கும் என்பதையும் தடித்த எழுத்தில் போடுங்கள். சொல்லாக்கத்தில் அது தொலைந்துவிடக் கூடாது.

ராணிப்பேட்டை:
நேரமில்லை. முதல் பக்கத்தில் ஒருமுறை 'முட்டுத்தடம் எனப்படும் சைடிங்'. பிறகு முழுக்க சைடிங். டேங்க் வேகன் அப்படியே. 'காலி' வரும் இடமெல்லாம் 'இறக்கிய'.

குடியாத்தம்:
பிரிகாலை நான் விடவில்லை, அடுத்த பதிப்பில் பேசுவோம். 'முட்டுத்தடம்' என்றே போடுவதானால் அச்சகத்தில் 'த்' விழாமல் பாருங்கள். 'முட்டு தடம்' என்று பிரித்தால் யாரையோ முட்டச் சொல்வதுபோல் இருக்கும்.