புதுப்பிப்பு: ஷேல் எண்ணெய் ஆவியைச் சிதைப்பது வெப்பமா, சாம்பலா?

ஷேல் எனும் படிவுப் பாறையைச் சூடாக்கும்போது எழும் எண்ணெய் ஆவியில் ஒரு பங்கு குளிர்ந்து எண்ணெயாகும் முன்பே காணாமல் போவது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். வெப்பம், ஷேல் எரிந்தபின் மிஞ்சும் சாம்பல் இரண்டுக்குமே பங்குண்டு. செய்கிற வேலைதான் வேறு.

சுமார் 500 டிகிரி செல்சியஸில் வெளிவரும் ஆவி, 600-ஐத் தாண்டினால் வெறும் குழாயில்கூட உடையும். நீண்ட சங்கிலிகள் அறுந்து மீத்தேன், எத்திலீன் வாயுக்களாகும். சூடு இன்னும் ஏறினால் பென்சீன் வகைச் சேர்மங்கள் பெருகும்.

சாம்பல் சேர்ந்தால் கதை மாறுகிறது. கனமான மூலக்கூறுகள் அதன் துளைகளில் ஒட்டிக் கரியாகப் படிகின்றன. வெளிறிய துகள்கள் கறுத்துவிடும். எண்ணெய்க்கு இது நஷ்டம்தான். ஆனால் சூடான சாம்பலையே ஷேலுக்கு வெப்பம் சுமக்கவிடும் எஸ்தோனியாவின் கலோட்டர் எண்ணெய் தயாரிப்பு முறையில், அந்தக் கரியும் எரிந்து சாம்பலை மீண்டும் சூடாக்குகிறது. சாம்பலிலுள்ள சுண்ணாம்பு ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவைப் பிடித்துக்கொள்வது கொசுறு!